தோட்டக்காரர் கூலி: கொங்கு நாட்டுத் தோட்டங்களின் செலவு வரலாறு

கொங்கு நாட்டில் ஒரு தோட்டத்துக்கு ஆகும் செலவைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மறுபுறத்திலேயே தடுத்துவிடுகிறது. கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஊரைக் குளிர வைத்தாலும் மண்ணின் ஈரத்தை வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே செடி வாங்குவதும் நடுவதும் நெடுங்காலம் இங்கே சிறு செலவாகவே இருந்தன. நட்டதைக் காப்பாற்ற ஆண்டு முழுவதும் ஓர் ஆள் வேண்டும் என்பதே பெருஞ்செலவு. அந்த ஆளுக்கு எதைக் கூலியாகக் கொடுப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பதற்குக் கோயிலார், குடியானவர், வெள்ளைக்கார அதிகாரிகள், நகரத்து வீட்டுக்காரர் என ஒவ்வொரு தரப்பாரும் ஒவ்வோர் ஏற்பாடு கண்டார்கள்.

அவற்றுள் பழையது கோயில் நந்தவனம். பேரூர், அவிநாசி, கொடுமுடி போன்ற தலங்களில் அன்றாடப் பூசைக்குப் பூ வேண்டும்; கோடையிலும் வேண்டும். நந்தவனம் வைத்துக் கொடுக்கும் கொடையாளி அதைப் பராமரிப்பவருடைய பிழைப்புக்கும் சேர்த்து நிலம் எழுதிவைப்பது தமிழ்நாட்டுக் கோயில்களில் பரவலான வழக்கம். அப்படி ஒதுக்கிய நிலத்தைக் கல்வெட்டுகள் நந்தவனப்புறம் என்கின்றன. பணமாகக் கூலி கொடுத்தால் கொடையாளியின் காலத்தோடு அது நின்றுபோகலாம். நிலமாகக் கொடுத்தால் தோட்டக்காரரும் அவருக்குப் பின் அவர் பிள்ளைகளும் அந்த விளைச்சலை உண்டு நந்தவனத்துக்கு நீர் இறைப்பார்கள். முதலில் கை நிறையச் செலவழித்து, பிறகு ஒன்றும் செலவழிக்காமல் இருக்கும் முறை இது. பராமரிப்புக்கு வழி செய்யாமல் தோட்டம் போடக் கூடாது என்ற தெளிவு அந்தக் கொடைகளில் இருக்கிறது.

குடியானவர்களின் தோட்டம் வேறு வகை. கொங்கில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள பூமி; மழையை நம்பியது காடு. தோட்டத்துக் கிணற்றில் இரண்டு எருதுகள் பூட்டிக் கவலை இறைப்பார்கள். சரிவுப் பாதையில் எருதுகள் இறங்கும்போது வடம் இழுபட்டு நீர் மேலே வரும். அவை பின்னால் ஏறும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும். ஓட்டுவதற்கு ஓர் ஆள் போதும். ஆனால் வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மடை மாற்ற இன்னோர் ஆள் வேண்டும். விடியுமுன் தொடங்கினாலும் ஒரு நாளைக்கு நனைகிற நிலம் கொஞ்சம்தான். 1887-இல் வெளியான எஃப். ஏ. நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு கிணற்றுப் பாசனத்துக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியிருப்பதில் வியப்பில்லை. மாவட்டத்தின் வேளாண்மையே அதன்மேல்தான் நின்றது.

அந்த வேலைக்குக் கூலி தானியமாகத்தான் போனது. பண்ணையாளை ஆண்டுக் கணக்கில் அமர்த்தி, மாதத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு அல்லது சோளம் என்று அளந்தார்கள். பெரும்பாலும் மாதாரிக் குடும்பங்களே பண்ணையாட்களாக இருந்தன. முன்பணம் வாங்கிய குடும்பம் அதைத் தீர்க்க முடியாமல் அடுத்த ஆண்டும் அதே பண்ணையத்தில் நிற்கும். கொங்குத் தோட்டங்களின் சிக்கனத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. அந்தச் சிக்கனத்தில் ஒரு பெரும்பங்கு உழைத்தவர்களின் வயிற்றில் அடித்துப் பிடித்த மிச்சம்.

யாரையும் சுரண்டாமல் செலவைக் குறைத்த ஏற்பாடு ஒன்று வேலியில் இருக்கிறது. தாராபுரம், காங்கயம், மூலனூர், வெள்ளக்கோவில் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றிலும் கிளுவை வேலி ஓடும். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. காங்கயம் மாடுகள் வளர்ந்த இடமும் இதுவே. கிளுவைக்கு விதையும் வேண்டாம், நாற்றும் வேண்டாம். பழைய வேலியில் கைக்கு அடக்கமான தடிமனில் போத்து வெட்டி, மழைக்கு முன்னால் கரை பிடித்து நெருக்கமாக ஊன்றினால் முதல் மழையிலேயே துளிர்த்துவிடும். கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் முள்ளும் கொம்புமாக நிற்கும், அப்போதும் சாகாது. தண்ணீர் ஊற்ற ஆள் வைக்க வேண்டியதில்லை. கவாத்து செய்த கிளைகளை அதே வேலியின் சந்துகளில் செருகிவிடுவார்கள். ஆள் நுழைய ஒரு கடவு விட்டு, அதில் ஒரு படல் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. பிரண்டையும் கோவையும் கண்வலிக்கிழங்கும் தாமாகவே வந்து வேலியில் ஏறிக்கொள்ளும். மூலனூர்ப் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு விதைக்காகப் பயிராகவே ஆனபோது கொடி படர வைக்கக் கிளுவையைத்தான் ஊன்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்தூணும் முள்கம்பியும் வந்து பல இடங்களில் கிளுவையை எடுத்துவிட்டன. கம்பி வேலியை ஒரே நாளில் போட்டு முடிக்கலாம், இடமும் கொஞ்சம்தான் அடைக்கும். ஆனால் கம்பி துருப்பிடிக்கும், திருட்டுப் போகும். கிளுவைக்கு அந்தக் கவலை இல்லை.

தோட்டம் அமைப்பதற்கென்றே தொழில் கற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வரவழைப்பது இந்த வட்டாரத்தில் மலைமேல்தான் புகழ்பெற்றது. இன்று தனி மாவட்டமான நீலகிரி அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி. 1830-இல் அதன் பெரும்பகுதியை மலபாரோடு சேர்த்தார்கள். 1843-இல் மீண்டும் கோயம்புத்தூருக்குக் கொடுத்தார்கள். 1868-இல்தான் தனி ஆணையரின்கீழ் பிரித்தார்கள். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் உதகையில் வீடு கட்டி, ஐரோப்பியக் காய்கறிகளையும் பழ மரங்களையும் பயிரிட்டுப் பார்த்திருந்தார். தட்பவெப்பம் ஒத்துக்கொண்டது. ஆனால் ஆரோக்கியத்துக்காக மலையேறி வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களின் தொகை கூடக்கூட, முட்டைக்கோசும் காரட்டும் எட்டாத விலைக்குப் போயின.

1840-களின் நடுவில் அவர்கள் கண்ட வழி, ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு பொதுத் தோட்டம் நடத்துவது. அந்தப் பணத்தில் கூலியாட்களை வைத்துக்கொண்டு, விளைந்ததைச் சந்தாதாரர்கள் மலிவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். காகிதத்தில் கணக்கு சரியாகவே இருந்தது. நடைமுறையில் தோட்டம் தேறவில்லை. அதன் காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. சந்தா கட்டுபவருக்கு இந்த மாதக் காய்கறிதான் கணக்கு. மண்ணைத் திருத்துவதும் வடிகால் வெட்டுவதும் இந்த மாதம் பலன் தராத வேலைகள். மலைவாசத்துக்கு வந்தவர்கள் பருவம் முடிந்தால் ஊர் திரும்புகிறவர்கள் வேறு.

அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் ட்வீடேல் பிரபு. ஸ்காட்லாந்தில் தம் சொந்த நிலங்களில் வடிகால் ஓடு பதித்துச் சேற்று நிலத்தை விளைநிலமாக்கிப் பேர் வாங்கிய பண்ணைக்காரர் அவர். காய்கறிச் சந்தாவை விட்டுவிட்டு, நன்கொடையும் சந்தாவும் அரசு உதவியும் சேர்த்து ஒரு தோட்டக்கலைச் சங்கமும் பொதுப் பூங்காவும் ஏற்படுத்துவது என்று 1847-இல் முடிவாயிற்று. அமர்த்திய ஆள் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர்; லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் கற்ற ஸ்காட்லாந்துக்காரர். 1848-இல் உதகைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபதுகளில்தான்.

அவர் கையில் கொடுத்த இடம் தோட்டத்துக்கு ஏற்றதாகவே இல்லை. தொட்டபெட்டா மலைச் சரிவில் மேல்பகுதி செங்குத்தான காடு, கீழ்ப்பகுதி சதுப்பு, நடுவே ஓடைகள் அறுத்த பள்ளங்கள். மெக்ஐவர் முதலில் தண்ணீரைக் கவனித்தார். சதுப்பை வடித்து, பள்ளங்களை ஒழுங்கு செய்து, சரிவைப் படிப்படியாக வெட்டி, பாதை வகுத்து முடிக்கப் பத்தாண்டுபோல் ஆயிற்று. 55 ஏக்கர்த் தோட்டத்தை ஒரே மூச்சில் முடிப்பதற்கு எந்தச் சங்கத்திடமும் பணம் இருந்திருக்காது. ஆண்டுதோறும் வந்த தொகைக்குத் தக்கபடி வேலை நகர்ந்தது. ஒரு பகுதியில் வளர்ந்த செடி அடுத்த பகுதிக்கு நாற்றும் போத்துமாகப் போனது. பிற்காலத்தில் பூங்கா அரசின் பொறுப்புக்கு வந்தது. இன்று தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை நடத்தும் உதகை அரசு தாவரவியல் பூங்கா அதுதான். மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் கீழ்ப் புல்வெளி, அவர் வந்தபோது கால் வைக்க முடியாத சேறு.

மாதம் 3 ரூபாய் வீதம் நடந்த தோட்டத்தைவிட மெக்ஐவரின் தோட்டத்துக்குப் பல மடங்கு செலவானது. இருந்தும் வீணாகாத பணம் இரண்டாவதுதான். தொழில் தெரிந்தவரை முதலில் அமர்த்தியதால் அடுத்து வந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு யாரும் அந்தச் சரிவை மறுபடி வெட்ட வேண்டியிருக்கவில்லை.

தொழில் தெரிந்தவருக்கு எதற்காகப் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் வேறொரு விடை அதற்கு முன்பே கிடைத்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பெருந்தோட்டங்கள் அமைத்த ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் திட்டம் போடுவது, மண் வெட்டுவது, மரம் நடுவது எல்லாவற்றையும் ஒப்பந்தமாக எடுத்துச் செய்தார். அவருக்குப் பின் வந்த ஹம்ப்ரி ரெப்டன் திட்டத்தை மட்டும் விற்றார். இடத்தைப் பார்த்து, இப்போது இருப்பதையும் மாற்றினால் எப்படி இருக்கும் என்பதையும் ஒன்றன்மேல் ஒன்று மடிக்கும் படங்களாக வரைந்து, சிவப்பு அட்டை போட்ட புத்தகமாகக் கட்டி நிலக்கிழாரிடம் கொடுப்பார். வேலையை அந்த நிலக்கிழார் தம் சொந்த ஆட்களை வைத்துத் தமக்கு முடிந்தபோது செய்துகொள்ளலாம். ரெப்டனுக்கு வருமானம் குறைவு. புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் பாதி வேலைகூடச் செய்யாதவர்களும் இருந்தார்கள். ஆனால் யோசனைக்கு ஒரு விலை, உடல் உழைப்புக்கு ஒரு விலை என்று பிரித்தது பணம் கொடுப்பவருக்குப் பெரிய வசதி. இன்று கோவையில் வரைபடத்துக்குத் தனிக் கட்டணம் வாங்கும் லேண்ட்ஸ்கேப் கட்டடக்கலைஞர் செய்வதும் இதே பிரிவினைதான்.

உதகையிலேயே உழைப்பின் விலையை அடியோடு குறைக்கும் முயற்சியும் நடந்தது. 1860-இல் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா விதை வந்ததும், கொயினாவுக்கான அந்த மரத் தோட்டங்கள் மெக்ஐவரின் மேற்பார்வைக்கு வந்தன. பட்டை உரித்த இடத்தில் பாசி வைத்துக் கட்டினால் புதுப் பட்டை வளரும், மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டாம் என்ற முறையை அவர் கண்டார். தொழில் அறிவால் வந்த சிக்கனம் அது. நடுவட்டம் தோட்டங்களுக்கோ கைதிகளை வேலைக்குக் கொண்டுவந்தார்கள். மலாய்த் தீபகற்பப் பக்கத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட சீனர்களும் அவர்களில் உண்டு. கூலி மிச்சமாகத் தோன்றினாலும் அவர்களுக்கு அங்கேயே சிறை வேண்டும், காவல் வேண்டும். தப்பி ஓடியவர்களைத் தேடவும் வேண்டும். விருப்பமில்லாத கையால் நட்ட செடிக்கு என்ன கவனிப்புக் கிடைத்திருக்கும் என்பது வேறு. குன்னூரில் 1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா நேர்மையான சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டு. அரசுச் செயலர் ஜே. டி. சிம்மும் மேஜர் மர்ரேயும் முன்னின்று அமைத்த அந்தப் பூங்கா ஒரு மலைப்பள்ளத்தின் இயற்கையான வளைவுகளை அப்படியே விட்டு, சரிவோடு சரிவாகப் பாதை போட்டது. மண் வெட்டுவதும் நிரப்புவதும் கூடியமட்டும் தவிர்ந்தன.

சமவெளியில் கதை மெதுவாகவே நகர்ந்தது. கோயம்புத்தூர் 1866-இல் நகராட்சியானபோதும் ஊருக்குக் கிணறும் குளமும்தான் தண்ணீர். மில் முதலாளிகளும் அதிகாரிகளும் பங்களாத் தோட்டம் வைத்தார்கள் என்றால் அவர்களுக்குச் சொந்தக் கிணறும் கவலையும் இறைக்க ஆளும் இருந்தன என்று பொருள். மாற்றம் 1930-களில், ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 1931-இல் சிறுவாணித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைத் தயாரித்தார்கள். சில பத்தாண்டுகளில் கவலை ஓய்ந்து, பம்பு செட்டு பரவியது. எருதும் வடமும் ஓட்டும் ஆளும் செலவுக் கணக்கிலிருந்து விழுந்தன. மடை மாற்றும் ஆள் மட்டும் மிஞ்சினார். அவர்தான் நகரத்துத் தோட்டக்காரரின் முன்னோடி எனலாம். தண்ணீர் சுலபமாக வந்ததால் தண்ணீர் குடிக்கும் செடிகளை வைக்கும் துணிச்சலும் வந்தது. புல்தரை என்ற ஆசை சமவெளியில் வேர்விட்டது மோட்டார் வந்த பிறகுதான்.

இன்னொரு பக்கம் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் இடமும் கோவைக்கு வந்தது. சென்னைச் சைதாப்பேட்டையில் 1868-இல் ஒரு பண்ணையாகத் தொடங்கிய வேளாண்மைக் கல்வி 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. அந்தக் கல்லூரி 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மலர் வளர்ப்புக்கும் நிலத்தை அழகுபடுத்தும் கலைக்கும் அங்கே தனித்துறை உண்டு. அதன் தாவரவியல் பூங்கா நகரத்தாருக்குக் காற்று வாங்கும் இடமாகவும், இந்த மண்ணில் எந்த மரம் எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு நிழல் கொடுக்கும் என்று நேரில் பார்க்கும் இடமாகவும் இருந்துவருகிறது. வளர்ந்த மரத்தைப் பார்த்துவிட்டுச் செடி வாங்கியவர்கள், சுவரை ஒட்டி அரசையோ குல்மொகரையோ வைத்துப் பிறகு வெட்டக் கூலி கொடுக்கும் செலவிலிருந்து தப்பினார்கள்.

1990-களுக்குப் பின் நகரம் விரிந்து, தனி வீடுகளும் கேட்டுப் போட்ட குடியிருப்புகளும் பெருகியதும், தோட்டம் போடுவது சதுர அடி ரேட்டுக்கு நடக்கும் தொழிலாயிற்று. ரேட்டில் புல், மண், எரு, ஆள் கூலி எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும்போதுதான் எங்கே குறைக்கலாம் என்பது தெரியும். மண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 1,000 சதுர அடிப் புல்தரைக்கு அரை அடி செம்மண் பரப்பினால் 500 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்பது லாரிக்காரர் கணக்கு. ஆக 5 யூனிட். வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மேல்மண்ணை ஓரமாகக் குவித்து வைத்திருந்தால் இதில் பெரும்பகுதி வாங்க வேண்டியதே இல்லை. பெரும்பாலான வீடுகளில் அந்த மண்ணை முதல் வாரமே காசு கொடுத்து வெளியேற்றிவிட்டு, கடைசி வாரம் காசு கொடுத்து வேறு மண்ணைக் கொண்டுவருகிறார்கள்.

தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். கோடையில் புல்தரையிலிருந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் ஆவியாகும் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 465 லிட்டர், ஒவ்வொரு நாளும். போர் வற்றிய ஆண்டில் டேங்கர் லாரி வாங்கிக் கொரியன் புல்லைக் காப்பாற்றியவர்களுக்கு, போட்ட செலவைவிடக் காப்பாற்றிய செலவு பெரிதாக வந்தது. அதனால் புல்லை உட்காரும் இடத்தளவுக்குச் சுருக்கி, மற்ற இடத்தில் அரளி, இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை போன்ற தாங்கும் செடிகளை வைத்துச் சொட்டு நீர்க் குழாய் ஓட்டும் பழக்கம் இப்போது கூடிவருகிறது. பொள்ளாச்சித் தென்னை நார்த் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் மலைபோல் குவிந்து கிடந்து யாருக்கும் வேண்டாதிருந்த நார்க்கழிவு, மட்கவைத்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் மூடாக்காகப் பயன்படும். ஏற்றுமதியாகும் அந்தச் சரக்கு கோவைக்காரருக்கு லாரி வாடகைத் தூரத்தில் கிடைக்கிறது.

செடிகளின் விலையில் பாதி அவற்றின் வயதுக்குத்தான். வேலை முடிந்த அன்றே தோட்டம் நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்காக, ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்து ஆள் உயரப் பனைவகைகளும் உருவம் வெட்டிய செடிகளும் லாரியில் வருகின்றன. நர்சரியில் அவை வளர்ந்த ஆண்டுகளுக்கும், லாரிக்கும், வழியில் பட்டுப்போகும் செடிகளுக்கும் சேர்த்து வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும். கோடையில் இறக்கினால் சேதம் இன்னும் கூடும். ஐப்பசிக்கு முன்பே குழியெடுத்து எருவும் மண்ணும் நிரப்பி ஆறவிட்டு, மழையோடு சிறு கன்றாக நடுவது கொங்குக் குடியானவர் எப்போதும் செய்தது. அப்படி நட்ட கன்று இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரிய செடியை எட்டிப் பிடித்துவிடும்.

ஒப்பந்தத்தில் பராமரிப்பு எத்தனை மாதம், பட்டுப்போன செடிக்கு மாற்றுச் செடி யார் பொறுப்பு, அந்தக் காலத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற மூன்றையும் எழுதிக்கொள்வது இப்போது வழக்கமாகிவருகிறது. அந்த மாதங்கள் முடிந்ததும் பல தெருக்களில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே தோட்டக்காரரை அமர்த்திக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ வந்து களை பறித்து, புல் வெட்டி, சொட்டுக் குழாயில் அடைத்த உப்பைத் தட்டிவிட்டு, சம்பளத்தை வீட்டு வாரியாகத் தனித்தனியே வாங்கிக்கொண்டு போகிறார்.